மிச்சம் பன்னிரண்டுதானே என்று இறங்காதீர்கள்: பழைய கிரிக்கெட் கார்டு சேர்ப்பவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு எனாமல் தூக்குவாளியும் ரவிவர்மா படமும் தேடி வருகிறவர்களில் சிலர், கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்பார்கள்: "அண்ணே, சிகரெட் கார்டு ஏதும் வந்திருக்கா?" கொழும்புக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் வீட்டு மரப்பெட்டிகளில் இந்தக் கார்டுகள் எப்போதாவது அகப்படுவதுண்டு. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் சிகரெட் பெட்டிக்குள் ஒன்றொன்றாக வைத்து வந்தவை. ஒரு பக்கம் ஆட்டக்காரர் படம், மறுபக்கம் வரிசை எண்ணும் நாலு வரி விவரமும். கேட்கிறவர் அடுத்துச் சொல்வதும் அநேகமாக ஒன்றுதான்: "ஐம்பதுல முப்பத்தெட்டு சேர்ந்திருச்சு. மிச்சம் பன்னெண்டுதான், முடிச்சிரலாம்னு பாக்குறேன்."

பழம்பொருள் வியாபாரத்தில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன், இந்தக் கணக்கில்தான் ஆட்கள் பணத்தை விடுகிறார்கள். கையில் சேர்ந்த முப்பத்தெட்டும் எல்லோர் கைக்கும் எளிதில் வந்து சேர்கிற முப்பத்தெட்டு. வராத பன்னிரண்டு மற்றவர்களுக்கும் வராதவை. அவற்றுக்காக ஏற்கெனவே பத்துப் பேர் காத்திருப்பார்கள். ஆகவே செட்டை முடிப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போது, இருப்பதை எண்ண வேண்டாம். இல்லாததில் எது கடைசியாகக் கிடைக்கும், அதற்கு என்ன விலை ஆகும் என்பதை முதலில் விசாரியுங்கள்.

நம் பக்கம் ஓரளவு கண்ணில் படுவது ஜான் பிளேயர் கம்பெனியின் 'கிரிக்கெட்டர்ஸ்' வரிசைகள். 1930, 1934, 1938 என்று மூன்று. மூன்றும் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்கு ஆடப் போன ஆண்டுகள். ஒவ்வொன்றிலும் 50 கார்டு, ஒவ்வொன்றிலும் பிராட்மேன் உண்டு. உதிரியாக வாங்கினால் பிராட்மேனுக்கு மட்டும் தனி விலை. 1930 வரிசையில் இங்கிலாந்து அணிக்கு ஆடிய நம் துலீப்சிங்ஜி இருப்பதால் இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்களுக்கு அதன் மேலும் ஒரு கண். ஆனால் இவை ஏராளமாக அச்சடித்து விட்டவை. லண்டன் வியாபாரிகளிடம் இன்றைக்கும் முழு செட்டாகவே கிடைக்கின்றன. மிச்சம் பன்னிரண்டை ஒவ்வொன்றாகத் தேடி, ஒவ்வொன்றுக்கும் தபால் செலவு கொடுத்து வாங்குவதைவிட முழு செட்டை ஒரே தடவையில் வாங்கிவிடுவது பல நேரம் மலிவு. முதலில் முழு செட் விலையைக் கேளுங்கள். அது உங்கள் பன்னிரண்டு கார்டுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு என்றால் வேறு யோசனையே வேண்டாம். பழைய முப்பத்தெட்டை மாற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். (உதிரி விற்றுப் பிழைக்கிற நானே இதை எழுதுகிறேன் என்று சக வியாபாரிகள் கோபிப்பார்கள். பரவாயில்லை.)

எல்லா வரிசையும் இப்படி இறங்கி வராது. அமெரிக்க பேஸ்பால் கார்டுகளில் டாப்ஸ் கம்பெனியின் 1952 வரிசை 407 கார்டுகள் கொண்டது. அதில் 311 முதல் 407 வரையிலான கடைசிப் பகுதி, ஆட்டப் பருவம் முடியும் தறுவாயில் கடைக்கு வந்தது. வாங்க ஆளில்லை. தேங்கிக் கிடந்ததை 1960-இல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக அந்தக் கார்டுகளை உருவாக்கிய டாப்ஸ் ஊழியர் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியின் முதல் கார்டு, 311-ஆம் எண், பேர்பெற்ற ஆட்டக்காரர் மிக்கி மேன்டில். நல்ல நிலையிலிருந்த ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. முதல் 310 கார்டைச் சேர்த்தவர் எண்ணிக்கையில் முக்கால் தூரம் தாண்டிவிட்டார். செலவில் அவர் இன்னும் பாதியைக்கூடத் தொடவில்லை.

கம்பெனியே வைக்கும் கண்ணியும் உண்டு. 1933-இல் கௌடி என்ற பாஸ்டன் சூயிங்கம் கம்பெனி 240 எண் கொண்ட பேஸ்பால் வரிசை விட்டது. 106-ஆம் எண்ணை மட்டும் அந்த ஆண்டு வெளியிடவேயில்லை. பிள்ளைகள் இல்லாத கார்டைத் தேடிக் கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு 1934-இல் அச்சடித்துத் தபாலில் அனுப்பினார்கள். எப்போதோ ஆட்டத்தை விட்டுவிட்ட நாப் லஜோயின் கார்டு அது. இன்றைக்கு அந்த வரிசையிலேயே எட்டாத கார்டு அதுதான்.

எட்டாத கார்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதும் வழிதான். 1909–11 காலத்து அமெரிக்க சிகரெட் பெட்டிகளில் வந்த, டி206 என்று குறிக்கப்படும் பேஸ்பால் வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் கார்டு உட்பட நான்கு கார்டை விட்டுவிட்டு, 520 இருந்தால் முழு செட் என்று சேர்ப்பவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிளேயர் வரிசையிலும் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் மட்டும் என்று ஒருவர் எல்லை போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த எல்லையை ஆரம்பத்திலேயே போட வேண்டும். பணம் தீர்ந்த பிறகு போட்டால் மனம் ஆறாது.

எப்போது இறங்கலாம் என்று கேட்டால் என் பதில் இதுதான். வரிசையின் முழுப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். அதில் கடினமான நாலைந்து கார்டின் சமீபத்திய ஏல விலை தெரிந்திருக்க வேண்டும். விற்பவர் கேட்கிற விலையை நம்பாதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அந்த நாலைந்தில் ஒன்றையாவது முதலிலேயே வாங்கிவிடுங்கள். அதை வாங்க மனம் வராவிட்டால் செட் வேண்டாம், பிடித்த கார்டுகளோடு நில்லுங்கள்.

தரத்தையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். பளபளவென்று நாற்பது, மூலை மழுங்கியது பத்து என்று கலந்துவிட்டால் அந்தப் பத்தை மாற்ற இன்னொரு செலவு கிளம்பும். இதில் முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் கூடுதல் பணம் ஒதுக்குங்கள். அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் மேலும் கீழும் இருக்கிற கார்டுதான் அடிபடும். டாப்ஸ் வரிசையின் முதல் கார்டு, ஆண்டி பாஃப்கோ, அதனால்தான் நல்ல நிலையில் அத்தனை விலை. நம் ஊரில் ரப்பர் பேண்டு வெயிலுக்கு உருகிக் கார்டோடு ஒட்டியே போய்விடும். ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியதென்றால் ராமபாணப் பூச்சி வந்திருக்கும். சமீபத்தில் தேவகோட்டையிலிருந்து வந்த பிராட்மேனுக்கு முகம் அப்படியே மின்னியது. திருப்பினால் எண் இருந்த இடத்தில் ஆல்பத் தாளின் கறுப்பு நார் மட்டும். அவசரத்தில் பிய்த்திருக்கிறார்கள். ஆல்பத்தோடு கொண்டு வந்திருந்தால் நல்ல விலை கொடுத்திருப்பேன்.

மழுங்கிய மூலையை மறைக்க ஓரத்தை நறுக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். பிளேயர் கார்டு சுமார் 36 மில்லிமீட்டர் அகலம், 68 உயரம். பையில் சின்ன ஸ்கேல் வைத்துக்கொண்டு, அதே வரிசையின் இன்னொரு கார்டோடும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இன்னொன்று: "இது ஒண்ணுதான் பாக்கி" என்று எந்த வியாபாரியிடமும் வாய் விடாதீர்கள். சொன்ன மாத்திரத்தில் விலை ஏறும்.

இந்தக் கணக்கெல்லாம் செல்லாத செட் ஒன்று எங்கள் பக்கம் உண்டு. பங்கு பிரிக்கும்போது உடைந்தது. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேரும் ஐயாவின் 1938 வரிசையைப் பதினேழு, பதினேழு, பதினாறு என்று பிரித்துக்கொண்டார்கள். பதினாறு வந்தவருக்குக் கார்டு இருந்த தகர டப்பா. அவர் இப்போது மற்ற இருவர் பங்கையும் வாங்கிச் சேர்க்கப் பார்க்கிறார். வெளியில் முழு செட் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று சொன்னேன். "அது வேற செட்டுங்க, இது எங்க ஐயா சேர்த்தது" என்றார். நியாயம்தான், வாங்கட்டும். பெரியண்ணனிடம் பேசும்போது பிராட்மேனை முதலில் கேட்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.