பழைய கடிதங்களில் மேற்கோள்குறி இல்லாத மேற்கோள்கள்

கடிதம் எழுதுபவர், தான் படித்ததை எடுத்தாளும்போது நூலின் பெயரைச் சொல்வதில்லை. பெறுபவரும் அதையே படித்தவர், அரை வரி போதும். பின்னாளில் படியெடுக்கும் நமக்கு அந்த அரை வரி எழுதியவரின் சொந்தச் சொல்லாகத் தெரிந்துவிடுகிறது.

நடை மாறும் இடத்தைக் கவனியுங்கள். வீட்டுச் செலவும் காய்ச்சலும் பேசி வந்த கடிதத்தில் திடீரென ஒரு பழஞ்சொல், ஒரு சந்தம், பாதியில் கோடிழுத்து நிறுத்திய வாக்கியம், குடும்பத்தில் இல்லாத ஒரு பெயர். எழுத்துப்பிழை என்று திருத்துவதற்கு முன் அதை அப்படியே குறித்து வையுங்கள்.

கி.மு. 59-இல் ரோமானிய அரசியல்வாதி சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தைப் பாருங்கள். அலெக்சாந்திரியா போக அவருக்கு ஆசை. ஆனால் அன்று ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர்கள் தந்து அந்தப் பயணத்தை ஏற்றால் ஊர் என்ன சொல்லும்? லத்தீனுக்கு நடுவே கிரேக்கத்தில் ஹோமரின் வரியைப் போடுகிறார்: பொலிடாமஸ்தான் முதலில் பழிப்பான். ‘இலியட்’ காவியத்தில் கோட்டை வாசலுக்கு வெளியே நின்று டிராய் நகர வீரன் ஹெக்டர் சொல்வது அது. பின்வாங்கச் சொன்ன தோழன் பொலிடாமஸின் பேச்சை அவன் கேட்கவில்லை. இங்கே பொலிடாமஸ் என்பது, சிசரோ பெரிதும் மதித்த கண்டிப்பான ரோமானிய அரசியல்வாதி கேட்டோ. வரியை மட்டும் கண்டுபிடித்து நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது. அங்கே யார் யாரிடம், எந்த நெருக்கடியில் சொன்னது என்று பார்த்தால்தான் சிசரோவின் அச்சம் புரியும்.

பெயர்களில் சறுக்குவது இன்னும் எளிது. அபிகெய்ல் ஆடம்ஸ், பின்னாளில் அமெரிக்க அதிபரான தன் கணவர் ஜான் ஆடம்ஸுக்கு எழுதிய பல கடிதங்களில் ‘போர்ஷியா’ என்று கையொப்பமிட்டார். விவரம் தெரியாமல் பட்டியலிட்டால் இல்லாத ஒரு பெண் ஆவணத்தில் முளைத்துவிடுவாள். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்துப் போர்ஷியா என்று நினைப்பதும் தவறு. இவள் ரோமானியக் குடியரசுக்காக நின்ற புரூட்டஸின் மனைவி. நாட்டு வேலையாகக் கணவர் மாதக்கணக்கில் பிரிந்திருந்த காலத்தில் அந்தப் பெயருக்கு இருந்த கனம் கொஞ்சமல்ல.

தேடும்போது முழு வாக்கியத்தையும் போடாதீர்கள். நினைவிலிருந்து எழுதியதால் சிறு சொற்கள் மாறியிருக்கும். அரிய சொற்கள் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துத் தேடுங்கள். ஒரு நூலில் எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவுகளும் உதவும், விவிலியத்துக்கு அலெக்சாண்டர் குரூடனின் 1737-ஆம் ஆண்டுச் சொல்லடைவு இன்றும் பயன்படுகிறது.

எந்த மொழிபெயர்ப்பு என்பதும் முக்கியம். 23-ஆம் சங்கீதத்தை ஆங்கிலக் கடிதத்தில் ஒருவர் “ஆதலால் எனக்கு எதிலும் குறைவில்லை” என்ற பொருளில் எழுதியிருந்தால், கிங் ஜேம்ஸ் பதிப்பு எனப்படும் 1611-ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தோடு அது ஒத்துவராது. அதைப் பிழையான மேற்கோள் என்று குறித்துவிடுவார்கள். உண்மையில் அது ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வழிபாட்டு நூலிலுள்ள, பதினாறாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர் கவர்டேலின் மொழிபெயர்ப்பு. அவர் ஏட்டில் படித்ததைவிட ஆலயத்தில் ஓதக் கேட்டது மனத்தில் நின்றிருக்கலாம் என்பதற்கு அந்த வேறுபாடே தடயம். திருத்தினால் தடயம் அழிந்துவிடும்.

மூலம் கடிதத்துக்குப் பின் வெளிவந்ததாக இருந்தால், கடிதத் தேதியைச் சந்தேகியுங்கள், அல்லது இரண்டுக்கும் பொதுவான பழைய மூலத்தைத் தேடுங்கள். பழமொழியாகிவிட்ட வரியை வைத்து அவர் அந்த நூலைப் படித்தார் என்று எழுதக் கூடாது. அவருடைய நாட்குறிப்பு, நூலகப் பட்டியல், முந்தைய கடிதங்கள் ஏதாவது துணை நிற்க வேண்டும். அடிக்குறிப்பில் ‘உறுதி’, ‘பெரும்பாலும்’, ‘ஒப்புமை மட்டும்’ என மூன்றில் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள்.