‘அவுட் ஆஃப் மெமரி’: ரேம் வாங்கப் போகும் முன்

வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் ஒரு கானா பாட்டைப் பதிவு செய்ய இப்போது பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், எதிரொலி அடங்கச் சுவரில் தொங்கவிட்ட போர்வை இருந்தால் போதும். எஃப்எல் ஸ்டுடியோ, க்யூபேஸ், ஏபிள்டன் என்று எந்த இசை மென்பொருளில் வேலை செய்தாலும், பாட்டு பாதி வளர்ந்த நேரத்தில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று ஒரு பெட்டி திரையில் வந்து நிற்கலாம். பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வார்: “ரேம் பத்தல மச்சி, ரிச்சி ஸ்ட்ரீட் போய் இன்னொரு எட்டு ஜிபி போட்டுடு.” சில நேரம் அது சரியான யோசனைதான். பல நேரம் வெட்டிச் செலவு. ஒன்றோடு ஒன்று சம்பந்தமே இல்லாத பல கோளாறுகளுக்கு அந்த ஒரே பெட்டிதான் வருகிறது.

முதலில் ஒலி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு விநாடி ஒலியை 44,100 துண்டுகளாக அளக்கிறோம். 24 பிட் என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் 3 பைட், ஸ்டீரியோ என்றால் அதில் இரண்டு மடங்கு. ஆக விநாடிக்கு 2,64,600 பைட், நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 16 எம்பி. டோலக்கில் ஓர் அடி ஒரு விநாடிகூட நீடிப்பதில்லை; கால் எம்பிக்குள் அடங்கிவிடும். நூறு விதமான அடிகளை ஏற்றி வைத்தாலும் 25 எம்பி தாண்டாது. கானாவுக்கு உயிரான தாளம் மெமரிக்கு ஒரு பாரமே இல்லை.

பின்னணியில் மெல்லமாக வாசிக்கிற பியானோதான் மெமரியைத் தின்கிறது. நிஜப் பியானோவைக் கட்டை கட்டையாகப் பதிவு செய்த ஒலிகள், அதாவது சாம்பிள்கள், அதில் இருக்கின்றன. 88 கட்டை, மெதுவாக அழுத்தினால் ஒரு ஒலி, ஓங்கி அழுத்தினால் வேறு ஒலி என்று ஒவ்வொரு கட்டைக்கும் 10 பதிவு, ஒவ்வொன்றும் அதிர்வு அடங்கும் வரை 20 விநாடி. பெருக்கிப் பார்த்தால் நாலரை ஜிபிக்கு மேல் வருகிறது. வயலின் கூட்டமும் கோரஸும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமான வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்தப் பதிவுகளை வைத்துக் கருவியாக வாசிக்கும் கான்டாக்ட் போன்ற சாம்பிளர்கள் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொள்கின்றன. கட்டையை அழுத்தியதும் அந்தத் துண்டு ஒலிக்க ஆரம்பிக்கிறது. அது தீர்வதற்குள் மீதி டிஸ்கிலிருந்து வந்து சேர்ந்துவிடும். கான்டாக்டில் இந்தத் தொடக்கத் துண்டு வழக்கமாக 60 கேபி. நம் பியானோவின் 880 பதிவுகளுக்கும் சேர்த்து 53 எம்பிதான் ஆகிறது. நாலரை ஜிபி எங்கே, 53 எம்பி எங்கே! சாம்பிள்கள் எஸ்எஸ்டியில் இருந்தால் துண்டை இன்னும் சின்னதாக வைக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அந்த ஆசை வேண்டாம், ஒலி விட்டு விட்டு வரும். இன்னொன்று, அதே சாம்பிளரில் ‘பர்ஜ்’ என்று ஒரு வசதி உண்டு. பாட்டை ஒருமுறை முழுதாக ஓட்டிவிட்டு அதைப் பயன்படுத்தினால், வாசிக்கப்படாத கட்டைகளின் பதிவுகள் ரேமை விட்டுப் போய்விடும். பியானோவில் பன்னிரண்டு கட்டை மட்டுமே தொடுகிற பாட்டுக்கு 88 கட்டையையும் எதற்குச் சுமக்க வேண்டும்? வாசிப்பு இறுதியாகிவிட்டால் அந்த டிராக்கை ஆடியோவாக மாற்றி, கருவியையே ப்ராஜெக்டிலிருந்து எடுத்துவிடுவது அதைவிட நல்லது. எஃப்எல் ஸ்டுடியோக்காரர்கள் நீளமான குரல் பதிவுகளை ரேமில் ஏற்றாமல் டிஸ்கிலிருந்தே ஓட்டும் ‘கீப் ஆன் டிஸ்க்’ போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனையும் செய்த பிறகும் பெட்டி வருகிறதா? விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பாதி ரேம் காலியாகக் கிடக்கும்போதே வருகிறதா? அப்படியானால் என் சந்தேகம் நேராக 32 பிட் மேல்தான் போகும்.

வீட்டு எண்ணை நாலு இலக்கத்துக்கு மேல் எழுதக் கூடாது என்று ஒரு தெருவுக்குச் சட்டம் போட்டால், 9,999-க்கு அப்பால் எத்தனை வீடு கட்டினாலும் தபால் போய்ச் சேராது. 32 பிட் மென்பொருளின் நிலை அதுதான். மெமரியின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எண் உண்டு. 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் 429 கோடி சொச்சம், அதாவது 4 ஜிபி. விண்டோஸ் அதிலும் சாதாரணமாக 2 ஜிபியைத்தான் ஒரு 32 பிட் மென்பொருளிடம் கொடுக்கிறது. கணினியில் 32 ஜிபி ரேம் இருந்தாலும் அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த 2 ஜிபி முழுதாக நிறையும் வரைகூட அது தாங்காது. பெரிய சாம்பிளை ஏற்ற, எண்கள் தொடர்ச்சியாகக் காலியாக இருக்க வேண்டும். ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, காலி இடம் சின்னச் சின்னச் சந்துகளாகச் சிதறிவிட்டால், மொத்தத்தில் இடம் இருந்தும் ‘மெமரி இல்லை’ என்றே பதில் வரும்.

கருவிகளையும் எஃபெக்டுகளையும் இசை மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் விஎஸ்டி ப்ளக்-இன் என்பது 1996-இல் க்யூபேஸ் நிறுவனமான ஸ்டைன்பெர்க் கொண்டுவந்த ஏற்பாடு. ப்ளக்-இன் வழக்கமாகத் தாய் மென்பொருளுக்குள்ளேயே குடியேறி, அதன் எண்களையே பங்கு போட்டுக்கொள்ளும். தாய் 32 பிட் என்றால் எல்லா ப்ளக்-இன்களும் அந்த 2 ஜிபிக்குள் முண்டியடிக்க வேண்டும். தாய் 64 பிட்டாக இருந்து ப்ளக்-இன் மட்டும் 32 பிட் என்றால் நேரடியாக உள்ளே வர முடியாது. தனியாக ஒரு ‘ப்ரிட்ஜ்’ வழியாக ஓடும், அதற்கும் அதே வரம்புதான். க்யூபேஸ் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 9-ஆம் பதிப்பில் 32 பிட் ப்ளக்-இன்களைக் கைவிட்டது. மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா என்ற இயங்குதளப் பதிப்போடு 32 பிட் மென்பொருள்களின் கதை முடிந்தது. ஆனால் நம் பகுதியில் ப்ளக்-இன்கள் பென்டிரைவில் கைமாறிக் கைமாறி வருகின்றன. யார் எப்போது பதிந்தது என்றே தெரியாத அந்தக் குவியலில் பழைய 32 பிட் சரக்குதான் நிறைய. டாஸ்க் மேனேஜரில் தாய் மென்பொருள் அல்லது ப்ரிட்ஜின் பெயருக்குப் பக்கத்தில் ‘32 பிட்’ என்று போட்டிருக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். 64 பிட் பதிப்பு கிடைத்தால் மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் அந்த டிராக்கை ஆடியோவாக்கிவிட்டு ப்ளக்-இன்னைக் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது காரணத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ‘கமிட்டெட்’ என்று இரண்டு எண்கள் இருக்கும், 9.6/10.0 என்பது போல. மென்பொருள்கள் கேட்டு வாங்கிவைத்த இடம் முதல் எண். ரேமும், அதற்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் ஒதுக்கிவைக்கும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தம் இரண்டாவது. இரண்டும் நெருங்கிவிட்டால், ரேமில் இடம் மிச்சம் இருந்தாலும் விண்டோஸ் கையை விரித்துவிடும். ‘பேஜ் ஃபைலை நிறுத்தினால் வேகம் கூடும்’ என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள், திரும்பப் போடுங்கள். சி டிரைவ் முழுக்கச் சாம்பிளை அடைத்து வைத்திருந்தால் பேஜ் ஃபைல் வளர இடமே இருக்காது.

சரி, பெட்டி எதுவும் வரவில்லை, ஒலி மட்டும் படபடவென்று வெடிக்கிறது என்றால்? பஃபர், அதாவது ஒரே மூச்சில் தயாராக வேண்டிய ஒலித் துண்டுகளின் எண்ணிக்கை, 256 என்று வைத்திருந்தால் ஒவ்வொரு 5.8 மில்லி விநாடிக்குள்ளும் அடுத்த தொகுதி தயாராக வேண்டும். ரேம் நிறைந்து தேவையான பகுதி டிஸ்குக்குத் தள்ளப்பட்டிருந்தால், ஹார்ட் டிஸ்க் அதைத் தேடி எடுக்கவே 10 மில்லி விநாடி ஆகலாம். அதற்குள் ஒலி அறுந்துவிடும். ஓர் இடம் முதல் தடவை வெடித்து, அதையே மறுபடி ஓட்டினால் சுத்தமாக வருகிறதென்றால் டிஸ்க், மெமரி பக்கம் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வெடித்து, பஃபரை 1024 ஆக்கியதும் சரியாகிவிட்டால் அது ப்ராசசரின் திணறல். ரேம் எவ்வளவு போட்டாலும் அது தீராது. விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில், தேடியது ரேமில் இல்லாமல் டிஸ்குக்குப் போன தடவைகளைக் காட்டும் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ என்ற வரி, பாட்டு ஓடும்போது விடாமல் நூற்றுக்கணக்கில் ஏறினால், அப்போதுதான் ரேம் நிஜமாகவே பற்றாக்குறை என்று பொருள். க்ரோமில் திறந்து கிடக்கும் டேப்களை மூடிவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

நீங்கள் எதையும் சேர்க்காமலே மெமரிக் கணக்கு ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு ப்ளக்-இன் வாங்கியதைத் திருப்பித் தரவில்லை. பாதியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அப்புறம் அதில் பாதி. 16 ப்ளக்-இன் இருந்தாலும் நாலே சுற்றில் ஆள் மாட்டிவிடும்.

நீலத் திரை வந்து கணினியே விழுந்தாலோ, சேமித்த ப்ராஜெக்ட் காரணமே இல்லாமல் கெட்டாலோ, ரேம் சில்லையே சந்தேகப்படலாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். பிழை காட்டினால் ஒவ்வொரு சில்லாகத் தனியே போட்டுச் சோதிக்க வேண்டும். ராயபுரம், காசிமேடு மாதிரி கடலோரத்தில் உப்புக் காற்றும் ஈரமும் மின்தொடுப்புகளை அரிக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியையும் கழற்றி, சில்லின் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்துவது இங்குள்ள மெக்கானிக்குகள் முதலில் செய்வது. அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும்.

எல்லாம் பார்த்தும் ரேம்தான் வேண்டும் என்று முடிவானால், மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். சில லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கூட்டவே முடியாது. லேப்டாப் சில்லில் தலைமுறைக்கு ஒரு கால் (பின்) கணக்கு உண்டு: டிடிஆர்3-க்கு 204 கால், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. இரண்டு இடம் இருக்கிற லேப்டாப்பில் ஏற்கனவே உள்ள சில்லின் அளவும் வேகமும் கொண்ட ஜோடியை வாங்குவது உத்தமம். வேகம் வேறாக இருந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும்.