வேலை உத்தரவு வந்துவிட்டது, பணம் வந்துவிட்டதா?

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் என் தணிக்கை அலுவலகம் இருக்கிறது. வருபவர்களில் பாதிப் பேர் பெயின்ட், தளம், குழாய் வேலை எடுக்கும் சிறு ஒப்பந்ததாரர்கள். அவர்களில் ஒருவர் காசிமேட்டுக்காரர். படைவீரர் குடியிருப்பு ஒன்றில் மொட்டைமாடிக் கசிவை அடைக்கும் வேலையை எடுத்தார். மனைவியின் நகைகளை அடகு வைத்து மண்ணடியில் சரக்கு வாங்கினார். பாதி வேலை முடித்து 9 லட்சம் ரூபாய்க்கு பில் கொடுத்தபோது, “இந்த வகைச் செலவுக்கான தலைப்பில் நிதி இல்லை, பொறுத்திருங்கள்” என்றார்கள்.

“வேலை உத்தரவு கையில் இருக்கிறதே சார்?” என்று என்னிடம் கேட்டார்.

உத்தரவு வேறு, பணம் வேறு. நாடாளுமன்றம் ஒதுக்கிய தொகையைத் தவிர ஒரு ரூபாயையும் அரசு கஜானாவிலிருந்து எடுக்க முடியாது. அந்த ஒதுக்கீடும் ஓராண்டுக்குத்தான்; மார்ச் 31 தாண்டினால் காலாவதி. 2025-26இல் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய் என்று செய்தி வந்ததும், இத்தனை கோடியில் நம் பில் எம்மாத்திரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடிக்கு மேல். மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. புதுக் கட்டடங்கள் அதில் வரும். பழைய வீடுகளின் பழுதுபார்ப்போ வருவாய்ச் செலவு. சம்பளம், எரிபொருள், உணவு எல்லாம் இருக்கிற பெட்டி அது. சம்பளத்தை நிறுத்த முடியாது, வண்டிக்கு டீசல் போடாமல் இருக்க முடியாது. தள்ளிப்போட முடிவது ஒழுகுகிற கூரையைத்தான்.

வேறு நாட்டிலும் இதே கதை. 2019இல் அமெரிக்காவில் எல்லைச் சுவருக்கு அதிபர் டிரம்ப் கேட்ட பணத்தை நாடாளுமன்றம் தரவில்லை. அவர் அவசரநிலை அறிவித்தார்; ராணுவக் கட்டுமானத்துக்கு ஒதுக்கியிருந்த 360 கோடி டாலர் சுவருக்குத் திருப்பப்பட்டது. 127 கட்டுமானத் திட்டங்கள் நின்றன. அவற்றில் ஒன்று கென்டக்கி மாநிலத்தில் படைவீரர் பிள்ளைகளுக்காகத் திட்டமிட்டிருந்த பள்ளிக்கூடம். சண்டை போட்டவர்கள் தலைநகரில் இருந்தார்கள், புதுப் பள்ளிக்கூடம் தள்ளிப்போனது பிள்ளைகளுக்கு.

காசிமேட்டுக்காரரை உண்மையில் முறித்தது ஜிஎஸ்டி. பில் கொடுத்த தேதிக்கு வரிப் பொறுப்பு வந்துவிடுகிறது, பணம் வந்ததா என்று சட்டம் கேட்பதில்லை. 9 லட்சத்துக்கு 18 சதவீதம் 1,62,000 ரூபாய். சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு, மீதியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அடகுக் கடை வட்டியும் சேர்ந்து ஓடுகிறது. வராத பணத்துக்கு வரி கட்டும் மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கணக்கு எழுதுவது எனக்கு இன்னும் பழகவில்லை.

சரக்கு வாங்கும் முன்பே, இந்த ஆண்டுக்கு இந்த வேலைக்கு எவ்வளவு நிதி வந்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பது தவறே இல்லை. அந்த ஆண்டுச் செலவுக்கு நிதி வழங்கப்படாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளே சொல்கின்றன (விதி 136). பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஜனவரிக்குப் பிறகு தொடங்கும் வேலையில் இன்னும் கவனம் தேவை. மத்திய அரசுத் துறைகள் மார்ச் மாதத்தில் ஆண்டு ஒதுக்கீட்டில் 15 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்ற வரம்பு உண்டு. வரிசையில் பின்னால் நிற்கும் பில் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். வேலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அளவுப் புத்தகத்தில் (முடித்த வேலையை அளந்து அதிகாரிகள் எழுதிவைக்கும் பதிவேடு) பதியவைத்த பிறகே அடுத்ததற்குச் சரக்கு எடுங்கள்.

காசிமேட்டுக்காரரின் பில் பணத்தில் பாதி ஜூன் மாதம் வந்தது. நகை இன்னும் மீளவில்லை. பாதியில் நிற்கும் அந்தக் கூரைக்குக் கீழே குடியிருக்கும் ஜவானின் மனைவி அவருக்கு அவ்வப்போது போன் செய்கிறார், ஐப்பசி மழைக்கு முன்னால் வந்துவிடுவீர்களா அண்ணா என்று.