தங்கப் பாறைக்கு ஒரு சோறு பதமாகாது

சென்ற மாதம் அம்மாவின் பழைய சங்கிலியை மாற்ற, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் சங்கிலியை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினார். கொஞ்ச நேரத்தில் திரையில் 91.6 என்று வந்தது. எக்ஸ் கதிர் பட்டதும் தங்கம், வெள்ளி, செம்பு ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றலில் ஒரு கதிரைத் திருப்பி வீசும். அதை எண்ணித்தான் பெட்டி கணக்குச் சொல்கிறது. அது பார்ப்பது மேல்தோலை மட்டும்தான். சந்தேகம் வந்தால் வெட்டியோ உருக்கியோ பார்க்கலாம். சங்கிலி முழுவதும் கண்ணெதிரே மேசை மேல் கிடக்கிறதே.

கூட வந்திருந்த மாமா, தேக்காவில் தேநீர் குடிக்கும்போது கைப்பேசியை நீட்டினார். அண்டை நாடு ஒன்றில் தங்கம் தேடும் நிறுவனத்தின் அறிக்கை. ‘ஒரு டன் பாறையில் 8 கிராம் தங்கம்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. “இந்தப் பங்குல 5,000 டாலர் போடலாம்னு இருக்கேன். லேப் ரிப்போர்ட்டே இருக்கேம்மா, அப்புறம் என்ன சந்தேகம்?” என்றார்.

மாமாவின் கேள்வி நியாயமானது. ஆய்வுக்கூடம் நேர்மையாக, துல்லியமாகச் சோதித்தும் விடை முழுக்கத் தவறாக இருக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. அது எப்படி என்று அன்று அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஆய்வுக்கூடத்தின் வேலை. அரைத்த பாறைத்தூளில் 30 அல்லது 50 கிராம் எடுத்து, ஈய ஆக்சைடு, வெங்காரம், சோடா உப்பு, கொஞ்சம் மாவு சேர்த்து மூசை என்னும் உருக்கும் கிண்ணத்தில் போட்டு 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்குவார்கள். ஈய ஆக்சைடு என்பது நம் சித்த மருந்துக் கடைகளில் மிருதார்சிங்கி என்று விற்கும் அதே பொருள்தான். மாவு கரியாகி அதை ஈயமாக மாற்றும். ஈயத் துளிகள் உருகிய குழம்பின் வழியே இறங்கும்போது வழியில் இருக்கும் தங்கத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு அடியில் தங்கும். பிறகு அந்த ஈயக் கட்டியை எலும்புச் சாம்பலால் செய்த கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கினால், ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும். கடைசியில் ஒரு சின்ன மணி மிஞ்சும். அதிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு மீதியை எடை போட்டால் தங்கம் எவ்வளவு என்று தெரியும். புடம் போடுவது என்று நம் பொற்கொல்லர்கள் சொல்லும் வித்தையின் குடும்பம் இது. இன்றைக்கும் இதைவிட நம்பகமான முறையைக் காண்பது அரிது.

சரி, சோதனையில் குறை இல்லை. சிக்கல் அந்த 30 கிராமில் இருக்கிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே சூட்டில் வேகிறது; அதனால் அது சரி. தங்கம் பாயசத்து முந்திரி மாதிரி. ஒரு கரண்டியில் மூன்று வரும், அடுத்த கரண்டியில் ஒன்றும் வராது. ஒரு டன்னுக்கு 1 கிராம் தங்கம் உள்ள பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 கிராம் தூளில் இருக்க வேண்டிய தங்கம் 30 மைக்ரோகிராம். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்கத் துகளின் எடை சுமார் 10 மைக்ரோகிராம். ஆக, மூன்றே மூன்று துகள்கள். துகளின் விட்டம் 0.2 மில்லிமீட்டர் ஆனால் ஒன்றின் எடையே 80 மைக்ரோகிராம் ஆகிவிடும். அப்போது பத்து முறை அள்ளினால் ஏறக்குறைய ஏழு முறை தங்கமே வராது. ஒரு துகள் வந்து விழும் முறையோ, ‘டன்னுக்கு 2.7 கிராம்’ என்று எண் எகிறும். பாறை ஒன்றுதான், சோதனையும் ஒன்றுதான். விடை மட்டும் பூச்சியத்துக்கும் 2.7-க்கும் இடையே குதிக்கும்.

அதனால்தான் பெரிய மாதிரி எடுக்க வேண்டும், நன்றாக அரைக்க வேண்டும், ஒரே தூளைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். மாதிரி எடுக்கத் தரையில் போட்ட ஒரே ஒரு துளையின் ஒரே ஒரு பெரிய எண்ணைத் தலைப்பில் போடும் அறிக்கை என்றால் எனக்கு உடனே எச்சரிக்கை மணி அடிக்கும்.

இதுவரை சொன்னது இயற்கையின் குழப்பம். மனிதக் கை புகுந்தால் நிலைமை இன்னும் மோசம். பாறைத்தூளில் வெளியிலிருந்து தங்கம் கலப்பதைச் சுரங்கத் தொழிலில் ‘உப்புப் போடுவது’ என்கிறார்கள். அதற்கு எவ்வளவு தங்கம் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 கிராம், அதாவது ஒரு பவுன் தங்கத்தைப் பொடி செய்தால் 4 டன் பாறையை ‘டன்னுக்கு 2 கிராம்’ பாறையாக்கிவிடலாம். 4 டன் என்பது, துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டாகப் பார்த்தால், நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம்! ஆய்வுக்கூடம் பாவம், வந்த தூளில் தங்கம் இருந்தால் இருக்கிறது என்றுதானே சொல்லும்?

நம் பக்கத்திலேயே, இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானிலுள்ள பூசாங்கில் 1990-களில் இது நடந்தது. கனடாவின் பிரி-எக்ஸ் நிறுவனம் அங்கே 7.1 கோடி அவுன்ஸ், அதாவது சுமார் 2,200 டன் தங்கம் இருப்பதாக அறிவித்தது. நிறுவனத்தின் பங்குச் சந்தை மதிப்பு 600 கோடி கனடிய டாலரைத் தாண்டியது. துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி மறு பாதியைப் பெட்டியில் பத்திரப்படுத்துவதே வழக்கம். பிரி-எக்ஸ் ஏறக்குறைய முழுத் தண்டையும் நொறுக்கியது. ‘இங்கே தங்கம் கட்டி கட்டியாக, சமமில்லாமல் கிடக்கிறது, முழுவதையும் அரைத்தால்தான் சரியான எண் வரும்’ என்பது சொன்ன காரணம். மேலே பார்த்த முந்திரிக் கணக்கைத் தெரிந்தவர்களுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும். என்னை மிகவும் கலங்க வைப்பது இதுதான்: உண்மையான ஓர் அறிவியல் பிரச்சினையே, சரிபார்க்க எதையும் மிச்சம் வைக்காததற்கு மறைப்பாகிவிட்டது.

உண்மையை வெளிக்கொண்டு வந்தவை இரண்டு எளிய சோதனைகள். ஒன்று, இரட்டைத் துளை. கூட்டாளியாக வரவிருந்த ஃப்ரீபோர்ட்-மெக்மோரான் நிறுவனம் பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே புதிதாகத் துளையிட்டது. சொல்லிக்கொள்ளும்படி தங்கம் இல்லை என்று 1997 மார்ச்சில் அறிவித்தது. இன்னொன்று நுண்ணோக்கி. பாறைக்குள் பிறந்த தங்கத் துகள் கூர்முனைகளோடு, கூடப் பிறந்த கனிமங்கள் ஒட்டிக்கொண்டிருக்க வெளிவரும். ஆற்றில் உருண்ட துகளின் முனைகள் மழுங்கிப்போயிருக்கும். தண்ணீர் அதன் மேல்தோலிலிருந்து வெள்ளியைக் கரைத்து எடுத்திருக்கும். பூசாங் மாதிரிகளில் இருந்தது பெரும்பாலும் உருண்டையான ஆற்றுத் தங்கம். அதே ஆண்டு மே மாதம் ஸ்ட்ராத்கோனா என்ற ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை, மாதிரிகளில் தங்கம் கலக்கப்பட்டது என்பதை உறுதி செய்தது. எத்தனையோ சாதாரணக் குடும்பங்களின் சேமிப்பு அதோடு போனது.

அதன் பிறகு விதிகள் இறுகின. கனிம நிறுவனங்கள் தகவல்களை எப்படி வெளியிட வேண்டும் என்பதற்குக் கனடா 2001-இல் புதிய விதியைக் கொண்டுவந்தது. சிங்கப்பூர் பங்குச் சந்தையும் பட்டியலிடப்படும் கனிம நிறுவனங்களிடம், ஆஸ்திரேலியாவின் ஜார்க் போன்ற தரநெறிப்படி தகுதியுள்ள நிபுணரின் அறிக்கையைக் கேட்கிறது. ஜார்க் அறிக்கையின் பின்னிணைப்பில் ‘அட்டவணை 1’ என்று ஒன்று இருக்கும். பார்க்கச் சலிப்பூட்டும், ஆனால் நான் முதலில் திறப்பது அதைத்தான். தண்டை எப்படி அறுத்தார்கள், மறு பாதி இருக்கிறதா, தங்கமே இல்லாத வெற்றுக் கல்லையும் அளவு தெரிந்த மாதிரியையும் நடுநடுவே சேர்த்து ஆய்வுக்கூடத்தைச் சோதித்தார்களா, இரட்டைத் துளை போட்டார்களா, மூட்டைகளுக்கு முத்திரை வைத்தது யார் என்பதெல்லாம் அங்கேதான் வரும். வெற்றுக் கல் சோதனை ஆய்வுக்கூடத்தின் அழுக்கைப் பிடிக்கும். மூட்டை கட்டுமுன்பே கலந்த தங்கத்தை அதனால் பிடிக்க முடியாது. ஆகவே கடைசி இரண்டு கேள்விகளை நான் விடுவதே இல்லை.

மாமாவின் அறிக்கையில் அந்த அட்டவணையைத் தேடினோம். இரட்டைத் துளை என்ற வரிக்கு எதிரே ‘இல்லை’ என்றிருந்தது. மாதிரிகளின் பாதுகாப்பு என்ற வரிக்கு எதிரே ‘நிறுவன ஊழியர்கள் எடுத்துச் சென்றனர்’ என்ற ஒற்றை வாக்கியம். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். பிறகு, மீதிப் பாதித் தண்டு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தார்.