பெயர் போடுவது மரியாதைக்காக அல்ல: கவிஞர்களுக்கு உள்ள உரிமைகள்

கவிதை கைமாறிக் கைமாறிப் பரவும்போது முதலில் உதிர்வது எழுதியவரின் பெயர்தான். பெயர் போடுவதை ஏதோ கவிஞருக்குக் காட்டும் மரியாதை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அவருடைய சட்டப்படியான உரிமை. 1886-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கையெழுத்தாகி, பிறகு பலமுறை திருத்தப்பட்ட பதிப்புரிமை உடன்படிக்கைதான் இதற்கு அடிப்படை. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உறுப்பினர்கள். இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுக் கவிஞர் விக்டர் யூகோ. கையெழுத்தாவதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

சரி, இந்த உரிமையைப் பெற எங்கே பதிவு செய்ய வேண்டும்? எங்குமே வேண்டாம். விண்ணப்பமும் கட்டணமும் கிடையாது. எழுதியதுமே உரிமை வந்துவிடுகிறது. புனைபெயரில் எழுதினாலும், அது யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை என்றால், அவரையே ஆசிரியராகக் கொள்ள வேண்டும். கவிஞர் வாழும் காலமும், அவர் இறந்த பிறகு குறைந்தது 50 ஆண்டுகளும் கவிதையின் பதிப்புரிமை நீடிக்கும். நாடுகள் இதைக் கூட்டிக்கொள்ளலாம்: இந்தியாவில் 60 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70.

இந்த உடன்படிக்கையில் 1928-இல் ரோம் நகரில் சேர்க்கப்பட்ட பிரிவைத்தான் நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். கவிஞர் தன் கவிதையின் பதிப்புரிமையைப் பதிப்பாளருக்கு முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 'இது நான் எழுதியது' என்று உரிமை கோரலாம். யாராவது வரிகளை வெட்டியோ சொற்களை மாற்றியோ அவருடைய நற்பெயருக்குக் கேடு செய்தால் எதிர்க்கலாம். பணம் கைமாறியதால் இந்த உரிமை போய்விடுவதில்லை. மீறினால் எந்த வழியில் பரிகாரம் தேடுவது என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று: பொதுமேடையில் கவிதை வாசிப்பதற்கு அனுமதி தரும் உரிமையும் கவிஞருடையதுதான். மொழிபெயர்ப்புக்கும் அப்படியே. அதற்காகக் கட்டுரையில் நாலு வரி எடுத்துக் காட்டவே கூடாது என்று பயப்பட வேண்டாம். வெளியான கவிதையிலிருந்து தேவையான அளவுக்கு மேற்கோள் காட்டலாம், எழுதியவர் பெயரையும் எடுத்த இடத்தையும் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், வாழ்க்கைப்பாடு. யுனெஸ்கோ 1980-இல் கலைஞர்களின் நிலை குறித்து ஒரு பரிந்துரையை ஏற்றது. கலைப் படைப்பைத் தன் வாழ்க்கையின் இன்றியமையாத பகுதியாகக் கருதிக் கலைக்குப் பங்களிப்பவர், எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லாவிட்டாலும் கலைஞரே என்கிறது அது. மற்ற உழைப்பாளர்களுக்குக் கிடைக்கும் சமூகப் பாதுகாப்பு இவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஆனால் பரிந்துரை எந்த அரசையும் கட்டாயப்படுத்தாது. கவிஞர்கள் அமைப்பாகச் சேர்ந்து கேட்கிற இடத்தில்தான் அதற்கு உயிர் வரும்.

தனியாக இருக்கும் கவிஞர் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பதிப்பாளரின் ஒப்பந்தத்தில் 'அனைத்து உரிமைகளும்' என்று இருந்தால் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். அச்சு, ஒலிநூல், மொழிபெயர்ப்பு, மேடை வாசிப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டுக்கு என்று குறிக்கச் சொல்லுங்கள்.