எட்டுக் குதிரை எஞ்சினுக்கு நாற்பது குதிரை பிரேக்

மேற்கு உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் பக்கத்துக் கிராமச் சாலைகளில் ‘ஜுகாட்’ என்றொரு வண்டி ஓடும். எந்தக் கம்பெனியும் செய்து விற்றதல்ல. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் பம்ப்செட் எஞ்சின், உடைத்த ஜீப்பிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸ், அதே ஜீப்பின் பின் ஆக்ஸில், மேலே மரப்பலகை. உள்ளூர் வெல்டிங் பட்டறையில் இதையெல்லாம் சேர்த்து வண்டியாக்கிவிடுவார்கள். செங்கல், காய்கறி, கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் என எல்லாம் ஏறும்.

தண்ணீர் இறைக்கிற ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இவ்வளவு பாரத்தை எப்படி இழுக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் 8 குதிரைத்திறன், அதாவது சுமார் 6 கிலோவாட். நிமிடத்துக்கு 1500 சுற்று. இதில் கிடைக்கும் முறுக்குவிசை 38 நியூட்டன் மீட்டர்தான். முதல் கியர் இதை 4 மடங்காக்கும், ஆக்ஸிலில் உள்ள கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடி இன்னொரு 4.5 மடங்கு. மொத்தம் 18 மடங்கு. உராய்வில் போவதைக் கழித்தால், 70 செ.மீ. விட்டமுள்ள டயர் சாலையைத் தள்ளும் விசை ஏறக்குறைய 170 கிலோ எடைக்குச் சமம். பாரத்தோடு ஒன்றரை டன் வருகிற வண்டி, 100 மீட்டருக்கு 9 மீட்டர் உயரும் மேட்டை இதை வைத்தே ஏறிவிடும். வேகம் மணிக்கு 11 கி.மீ. தான். சமதரையில் டாப் கியரில் 44 கி.மீ. வரை போகலாம். பம்ப்செட் எஞ்சினில் சுற்றை ஒரே அளவில் வைத்திருக்க கவர்னர் இருப்பதால், அதற்கு மேல் விரட்ட முடியாது.

எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்குச் சுழற்சியைக் கடத்துவது பெரும்பாலும் பெல்ட்தான். எஞ்சின் தண்டும் கியர்பாக்ஸ் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலும் பெல்ட் கொஞ்சம் பொறுத்துப்போகும். நேரடியாக இணைத்திருந்தால் பேரிங் சீக்கிரமே போய்விடும். பாரம் மிஞ்சினால் பெல்ட் வழுக்கும். பல் உடையாமல் கியர் தப்பிக்கும்.

அதிர்வுதான் அடுத்த தொல்லை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். 1500 சுற்றில் அது நொடிக்கு 12 முறைக்குச் சற்று அதிகம். அந்த ஒவ்வொரு அடியும் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில்தான் இறங்குகிறது. நட்டு கழல்வது ஒருபுறம் இருக்கட்டும், சேஸிஸ் சட்டத்தில் விரிசல் விழுவதுதான் ஆபத்து. பாரம் ஏற்றிய இரும்புச் சட்டத்தின் மேல் விளிம்பு அமுங்கும், கீழ் விளிம்பு இழுபடும், நடு உயரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட இல்லை. அதனால் துளை போடுவதானாலும் பிராக்கெட் வைப்பதானாலும் நடுவில் செய்ய வேண்டும். அவசரத்தில் கீழ் விளிம்பின் குறுக்கே ஒரு வெல்டிங் ஓட்டிவிட்டால், இழுபடுகிற இடத்திலேயே சூடு பட்டு இரும்பின் குணம் மாறியிருக்கும். மாதக்கணக்கில் அதிர்வு வாங்கிய பிறகு, அந்த வெல்டிங்கின் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு தெரியும். விரிசல் அங்கேதான் தொடங்கும்.

சரி, வண்டி ஓடிவிட்டது. நிறுத்துவது எப்படி? பட்டறைகளில் எஞ்சினைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு பிரேக்கைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை. ஒன்றரை டன் வண்டி 40 கி.மீ. வேகத்தில் போனால் அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 93 கிலோஜூல். மூன்று நொடியில் நிறுத்த வேண்டுமானால் சராசரியாக 31 கிலோவாட் வீதம் அதை வெப்பமாக்க வேண்டும். அதாவது 40 குதிரைத்திறனுக்கும் மேல்! எஞ்சின் நிதானமாகச் சேர்த்துக் கொடுத்த ஆற்றலை பிரேக் மூன்று நொடியில் விழுங்கியாக வேண்டும். அப்படி நிறுத்தினாலும் வண்டி 17 மீட்டர் ஓடித்தான் நிற்கும். மொத்த எடையை இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்கும், வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்காகும்.

இந்த வெப்பமெல்லாம் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புக் கிண்ணமான பிரேக் டிரம்முக்குள் போகிறது. பின் டிரம் இரண்டும் சேர்ந்து 10 கிலோ என்றால், ஒருமுறை முழுதாக நிறுத்தினாலே சுமார் 20 டிகிரி சூடேறும். இறக்கத்தில் அடிக்கடி மிதித்தால் சூடு ஆறுவதற்குள் அடுத்தது சேரும். டிரம்மை உரசி நிறுத்தும் லைனரின் பிடிப்பு குறைந்து, பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கேட்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது, பின் சக்கரங்கள் லேசாகின்றன. பின் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் வைத்த வண்டியில், பிடிப்பு குறைகிற சக்கரமே முழு வேலையும் பார்க்க வேண்டியிருக்கும். அது சுழலாமல் இறுகி வழுக்கினால் வண்டியின் வால் பக்கவாட்டில் திரும்பிவிடும். ஜுகாட்டில் ஒருவர் குதித்து இறங்கி, சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்து நிறுத்துவதாகச் சொல்வார்கள். சென்னையில் பழைய இருசக்கர வண்டியின் எஞ்சினைப் பொருத்தி ஓட்டும் மீன்பாடி வண்டியிலும் குறை இதேதான்: காலால் பெடல் மிதித்து ஓட்டச் செய்த உடம்பில் எஞ்சினின் வேகம்.

2013ல் உச்ச நீதிமன்றம், ஜுகாட்டும் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்டதே, சட்டப்படி பதிவும் காப்பீடும் இல்லாமல் சாலையில் விடக் கூடாது என்றது. பண்ணைக்குள்ளேயே ஓட்டுவதற்குக் கட்டினாலும் பிரேக் கணக்கு மாறாது. பழைய இரும்புக் கடையில் எஞ்சினுக்குப் பேரம் பேசுவதற்கு முன்பே, முன் ஆக்ஸிலை டிரம்மோடும் ஹைட்ராலிக் குழாயோடும், பெடல் அழுத்தத்தை பிரேக் எண்ணெய்க்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரோடும் ஒரே வண்டியிலிருந்து முழுசாக எடுங்கள். ரப்பர் வாஷர்களை மட்டும் புதிதாக மாற்றுங்கள்; பழைய ரப்பர் அழுத்தத்தில் கசிந்தால் பெடல் தரை வரை போய்விடும்.