ஐகானுக்கு மலையாளம், டெர்மினலுக்குத் தமிழ்: சூழல் மாறிகள் எப்படி வேலை செய்கின்றன?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ்வழி வகுப்பெடுக்கும் டீச்சர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். பள்ளி ஆய்வகக் கணினியில் மெனுக்கள் மலையாளத்தில் வருகின்றன. தன் வகுப்புப் பிள்ளைகளுக்காக அதைத் தமிழாக்க நினைத்தார். யாரோ சொன்னபடி 'பாஷ்ஆர்சி' என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து, 'லாங்குவேஜ்' என்ற சூழல் மாறிக்குத் தமிழைக் குறிக்கும் 'டிஏ' என்ற இரண்டெழுத்தை மதிப்பாகக் கொடுத்து ஒரு வரி சேர்த்தார். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து கெடிட் என்று தட்டினால் அந்தப் பெயருள்ள எடிட்டர் தமிழில் வருகிறது. அதே எடிட்டரை ஐகானைச் சொடுக்கித் திறந்தால் மலையாளம். இன்னொருவர் வேறொரு கோப்பின் பெயரைச் சொல்ல, அதிலும் அந்த வரியைப் போட்டார். ஐகான் அசையவில்லை. மறுநாள் காலையில் வந்து சொடுக்கினால், தமிழ்!

"கம்ப்யூட்டர் அதை ஏத்துக்கிறதுக்கு ஒரு ராத்திரி வேணும் டீச்சர்" என்று உடன் வேலை பார்க்கும் சார் விளக்கம் சொன்னாராம். அது சரியா என்பது கேள்வி.

சார் கண்ணால் கண்டது உண்மை. காரணம்தான் வேறு. ராத்திரியில் நடந்த ஒரே காரியம், கணினியை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனது. விடை அங்கேதான் இருக்கிறது.

சூழல் மாறி என்பது ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு. மூன்றும் சேர்ந்த வெறும் எழுத்துச்சரம், அவ்வளவுதான். எந்த மொழியில் பேச வேண்டும், எந்த நேர மண்டலம், கட்டளைகளை எந்தெந்த அடைவுகளில் (ஃபோல்டர்களில்) தேட வேண்டும், வீட்டு அடைவு எது என்பன போன்ற செய்திகளை நிரல்கள் இப்படிப்பட்ட சரங்களிலிருந்து தெரிந்துகொள்கின்றன. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளத்தின், 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு ஏறக்குறைய இதே வடிவத்தில் இருக்கிறது. விண்டோஸிலும் உண்டு. இவற்றைப் பற்றிப் படிக்கும்போது பலர் மனத்தில் தோன்றும் படம், கணினியின் நடுவில் எங்கோ ஒரு பலகை தொங்குகிறது, எல்லா நிரல்களும் அதை எட்டிப் பார்க்கின்றன என்பது. அப்படி ஒரு பலகை இல்லவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பிராசஸ் என்பார்கள். ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனிப் பட்டியல். ஆய்வகக் கணினியில் இருநூறு பிராசஸ் ஓடினால் இருநூறு பட்டியல்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றதற்குத் தெரியாது.

அந்தப் பட்டியல் ஒரு பிராசஸின் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பள்ளிக் கணினியில் ஓடும் இயங்குதளமான லினக்ஸில் புதிய நிரல் ஒன்றைத் தொடங்க இரண்டு படிகள். முதல் படி ஃபோர்க். டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கிச் செய்யும் நிரலான ஷெல் தன்னையே இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. நகலின் நினைவகத்தில் தாயிடம் இருந்த எல்லாமே இருக்கும், ஆனால் அந்த நொடி முதல் இரண்டும் தனித்தனி. இரண்டாவது படி எக்ஸெக். நகல், இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் போய், "என்னை அழித்துவிட்டு இந்த இடத்தில் கெடிட்டை ஏற்று" என்று கேட்கிறது. கேட்கும்போது மூன்று பொருள்களைக் கொடுக்கிறது: இயக்க வேண்டிய கோப்பு, கட்டளையோடு வந்த சொற்கள், சூழல் மாறிகளின் பட்டியல்.

இப்போது கர்னலுக்கு ஒரு சிக்கல். அழிக்கச் சொன்ன நினைவகத்துக்குள்ளேயேதான் அந்தப் பட்டியலும் இருக்கிறது. அழித்துவிட்டுத் தேடினால் கிடைக்காது. அதனால் கர்னல் முதலில் புதிய நிரலுக்கென்று காலியான நினைவக வெளி ஒன்றை உருவாக்குகிறது. பழைய வெளியிலிருந்து சரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, புதிய வெளியின் உச்சி முகவரிக்குப் பக்கத்தில், ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகப் பகுதியின் தலைமாட்டில், நகலெடுத்து அடுக்குகிறது. அதற்குப் பிறகுதான் பழையதைத் துடைக்கிறது. நகலிடம் இருந்த, ஷெல்லில் நாம் தட்டிய கட்டளைகளின் வரலாறு, பாதியில் நின்ற கணக்கு, எக்ஸ்போர்ட் செய்யாமல் (பிள்ளைகளுக்கும் கொடு என்று சொல்லாமல்) விட்ட மாறிகள் எல்லாம் போய்விடும். பிழைத்து அந்தப் பக்கம் சேர்பவை சொற்பம். பிராசஸ் எண், நடப்பு அடைவு, திறந்திருக்கும் சில கோப்புகள் போன்றவற்றோடு இந்தச் சரங்களும் போய்ச் சேரும். கெடிட் தன் முதல் ஆணையை நிறைவேற்றும் முன்பே பட்டியல் அதன் தலைமாட்டில் தயாராக இருக்கிறது.

இதில் கர்னல் காட்டும் அலட்சியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தச் சரங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று அது படிப்பதே இல்லை. லாங்குவேஜ் என்றால் என்ன, பாத் என்றால் என்ன, அதற்குத் தெரியாது. நடுவில் சமக்குறி இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது நீளம் மட்டும்தான். நாம் பயன்படுத்தும் சாதாரணக் கணினியில் ஒரு சரம் 128 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது. கட்டளைச் சொற்களும் சூழலும் சேர்ந்து ஸ்டாக் வரம்பில் கால் பங்குக்குள் அடங்க வேண்டும். வழக்கமான 8 மெகாபைட் வரம்புக்கு அது 2 மெகாபைட். மற்றபடி எழுத்துகளை இங்கிருந்து அங்கே தூக்கி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. பெயருக்கும் மதிப்புக்கும் அர்த்தம் கொடுப்பது நிரலின் பாடு. நிரலும் பெரிய வித்தை எதுவும் செய்வதில்லை. பட்டியலின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு சரமாகப் பெயரை ஒப்பிட்டுக்கொண்டே போகும். பொருந்தினால் சமக்குறிக்குப் பின்னால் உள்ளதை எடுத்துக்கொள்ளும். உலகத்துச் சர்வர்களில் எத்தனையோ இந்தச் சிறு தேடலை நம்பித்தான் ஓடுகின்றன.

இந்த நகலெடுப்பிலிருந்து ஒரு விளைவு நேராக வருகிறது. ஒரு பிராசஸ் தன் சூழலைப் பெறுவது பிறக்கும்போது மட்டும். பிறகு அது தன் பட்டியலைத் தானே திருத்திக்கொள்ளலாம், தான் பெறும் பிள்ளைகளுக்குத் திருத்தியதைக் கொடுக்கலாம். தாயின் பட்டியலைத் தொட முடியாது, பக்கத்து பிராசஸின் பட்டியலையும் தொட முடியாது. சிபியு சில்லில் உள்ள நினைவக மேலாண்மை வன்பொருளே குறுக்கே நிற்கும். பிழை தேடும் கருவியான டீபக்கரை மாட்டி உள்ளே கை வைப்பது வேறு கதை. கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஸ்கிரிப்ட் ஒன்றுக்குள் மாறியை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, அது முடிந்ததும் டெர்மினலில் பார்த்தால் மாறி காணாமல் போவதும் இதனால்தான். ஸ்கிரிப்ட் ஒரு பிள்ளை பிராசஸ், அது தன் பட்டியலோடு போய்ச் சேர்ந்துவிட்டது. 'சோர்ஸ்' என்று முன்னால் போட்டு ஓட்டினால் மட்டும் மாறி நிலைக்கும், ஏனென்றால் அப்போது பிள்ளையே பிறக்கவில்லை, ஷெல் தானே அந்த வரிகளைப் படித்துச் செய்கிறது.

டீச்சருடைய ஐகானுக்கு வருவோம். பாஷ்ஆர்சி கோப்பைப் படிப்பது புதிதாகத் திறக்கும் டெர்மினலில் உள்ள ஷெல். அதன் வயிற்றில் பிறந்த கெடிட் தமிழ் பேசியது. ஐகானைச் சொடுக்கும்போது கெடிட்டைப் பெறுவது டெஸ்க்டாப். அந்த டெஸ்க்டாப் பிறந்தது காலையில் கடவுச்சொல் கொடுத்து உள்நுழைந்த நேரத்தில். டெர்மினலும் அதன் பிள்ளைதான், ஆனால் பிள்ளை தன் பட்டியலில் எழுதிக்கொண்டது தாய்க்கு ஏறாது. இரண்டாவதாக அவர் திருத்திய கோப்பு, எழுதியதைப் பார்த்தால், 'இடிசி' அடைவில் உள்ள 'என்விரான்மென்ட்' கோப்பாகத்தான் இருக்க வேண்டும். அது சரியான இடம். ஆனால் அதைப் படிப்பது உள்நுழைவு நேரத்தில் மட்டும். திருத்தியபோது டெஸ்க்டாப் ஏற்கெனவே பிறந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் புது உள்நுழைவு, புது டெஸ்க்டாப், புதுப் பட்டியல். ராத்திரி முழுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. கணினியை அணைக்கக்கூட வேண்டாம், வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் போதும்.

விண்டோஸில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. அமைப்புச் சாளரத்தில் மாறியை மாற்றினால் அது எல்லாச் சாளரங்களுக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பும். டெஸ்க்டாப்பை நடத்தும் எக்ஸ்ப்ளோரர் அதைக் கேட்டுத் தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும். ஏற்கெனவே திறந்திருக்கும் கட்டளைச் சாளரம் காது கொடுக்காது. அதை மூடித் திறக்கத்தான் வேண்டும்.

ஆயுத பூஜைக்கு சிபியு பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, பொரி கடலை கிடைத்தால் நானும் போவேன். ஆனால் "ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும், ஏன்னு கேக்காதே" என்று ஆய்வகத்தில் வைத்து ஒரு பிள்ளையிடம் சொல்வது அறிவியல் பாடத்தையே தலைகீழாகப் படிப்பது போல. காரணம் இருக்கிறது, ஏழாம் வகுப்புக்குப் புரிகிற காரணம்தான்.

லாங்குவேஜ் மாறியைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதற்கு ஒரு மொழிதான் கொடுக்க வேண்டும் என்றில்லை. முக்காற்புள்ளி இட்டு வரிசையாகக் கொடுக்கலாம்: முதலில் தமிழ், அடுத்து மலையாளமான எம்எல், கடைசியில் ஆங்கிலமான இஎன். கெடிட் போன்ற நிரல்கள் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. மெனுவில் ஒரு சொல் காட்ட வேண்டியபோதெல்லாம், அந்த ஆங்கில மூலத்தைச் சாவியாக வைத்துத் தமிழ்க் கோப்பில் தேடும். இல்லையென்றால் மலையாளக் கோப்பு. அங்கும் இல்லையென்றால் மூலமே. இந்தத் தேடல் மொத்த நிரலுக்கும் ஒருமுறை நடப்பதில்லை, ஒவ்வொரு சொற்றொடருக்கும் தனியாக நடக்கிறது. ஆகவே ஒரே மெனுவில் நாலு வரி தமிழ், ஒரு வரி மலையாளம், ஒரு வரி ஆங்கிலம் என்று வரக்கூடும். எல்லையோர வேலந்தாவளம் சந்தையில் தேங்காய் விலை பேசுகிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது. 'எல்சி ஆல்', 'லாங்' என்று வேறு மொழி மாறிகளும் உண்டு. அவற்றில் எல்சி ஆல் மற்றவற்றை மிஞ்சும், லாங் எல்லாவற்றுக்கும் கடைசி. மெனுச் சொற்களுக்கு மட்டும் லாங்குவேஜ் இவை எல்லாவற்றுக்கும் மேலே. ஆனால் மொழி அமைப்பே இல்லாமல் வெறும் 'சி' என்று விட்ட கணினியில் லாங்குவேஜை யாரும் சீண்டமாட்டார்கள்.

நடுவில் அந்த ஆங்கில வரி ஏன் வருகிறது? நிரலை எழுதியவர் மூல வாக்கியத்தில் கொஞ்சம் கை வைத்தாலே, பழைய தமிழாக்கம் 'ஃபஸி' என்ற முத்திரையோடு ஒதுக்கப்படும். யாராவது பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அது வெளியீட்டில் சேராது. மொழிபெயர்ப்பு ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆள் வேண்டும். தமிழில் அந்த ஆட்கள் பெரும்பாலும் இரவில் சொந்தச் செலவில் உட்காரும் தன்னார்வலர்கள். கேரளம் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், 2017 முதல் கைட் என்ற நிறுவனமாக, உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளுக்குத் தருகிறது. அந்த முடிவால்தான் ஒரு டீச்சர் இந்த ஒரு வரியைத் தானே எழுதிப் பார்க்க முடிந்தது. அதன் பலன் எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளைக்கும் முழுதாகப் போய்ச் சேர வேண்டுமென்றால், தமிழ்ப் பெயரில் புதுச் செயலி வெளியீட்டு விழா நடத்தும் பணத்தில் ஒரு பங்கை இந்தப் பழைய கோப்புகளைப் பராமரிக்கக் கொடுக்கலாம். மாநாட்டு மேடைக்குக் கிடைக்கும் நிதி ஃபஸி முத்திரையை நீக்க உட்காருகிறவருக்குக் கிடைப்பதில்லை என்பது என் பழைய புலம்பல்.

வகுப்பில் செய்து காட்ட ஒரு சோதனை வேண்டுமென்றால், நேர மண்டலத்தைச் சொல்லும் 'டிஇசட்' மாறி நல்லது. டெர்மினலில் தேதி காட்டும் 'டேட்' கட்டளைக்கு முன்னால், அந்த ஒரு வரிக்கு மட்டும், டிஇசட்டுக்கு 'ஏசியா/துபாய்' என்று மதிப்புக் கொடுத்துத் தட்டச் சொல்லுங்கள். நம் நேரத்தைவிட ஒன்றரை மணி குறைவாகக் காட்டும். அப்பா வளைகுடாவில் இருக்கும் பிள்ளை உடனே சரிபார்த்துச் சொல்லிவிடும். கணினியின் கடிகாரம் நகரவில்லை. பிறந்த அந்த ஒரு டேட் பிராசஸின் பட்டியலில் மட்டும் துபாய் இருந்தது, அதுவும் மறைந்துவிட்டது.

சூழல் மாறியில் ஆபத்தும் உண்டு. ஷெல் ஒன்று தன் சூழலில் வந்த சரத்தை நம்பி அதன் வாலில் ஒட்டியிருந்த கட்டளையையும் ஓட்டியதால் வந்ததுதான் 2014இல் உலகையே கலக்கிய ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டை. நிரல்கள் பயன்படுத்தும் நூலகங்களை மாற்றிச் சொருகும் சில மாறிகளும் உண்டு; சாதாரணப் பயனர் தொடங்கினாலும் நிர்வாகி உரிமை பெற்று ஓடும் நிரல்கள் அவற்றைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கடவுச்சொல்லை மாறியில் வைத்தால் பிள்ளை, பேரன் எல்லோருக்கும் நகல் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

டீச்சர் கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரி இருக்கிறது: எல்லாம் சரியான பிறகும் சில சமயம் டெர்மினலிலிருந்து வேறு மொழி கொடுத்துத் திறந்தால் மொழி மாறுவதில்லை என்று. கெடிட் ஏற்கெனவே ஒரு சாளரத்தில் திறந்திருக்கும்போது இப்படி நடக்கும். புதிதாகப் பிறந்த கெடிட், மூத்தது ஒன்று ஓடுவதைக் கண்டு, "நீயே ஒரு சாளரம் திற" என்று வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டுத் தான் முடிந்துபோகும். திறக்கும் சாளரம் மூத்ததின் பட்டியலில் உள்ள மொழியில்தான் வரும். ஓடும் பிராசஸ் எந்த மொழியோடு பிறந்தது என்று பார்க்க, 'ப்ராக்' அடைவுக்குள் அதன் எண்ணைப் பெயராகக் கொண்ட அடைவில் 'என்விரான்' என்ற கோப்பு இருக்கும். சரங்களுக்கு நடுவே வரி முறிவு இராது, எல்லாம் ஒட்டிக்கொண்டு தெரியும், பொறுமையாகத் தேட வேண்டும். பழைய சாளரங்களை எல்லாம் மூடிவிட்டுத் திறந்தால் நீங்கள் கேட்ட மொழி வரும்.